பிரிக்கவும் சேர்க்கவும் வரும் காடு: மினியேச்சர் போர் மேசைக்கு ஓர் அறிமுகம்

மினியேச்சர் போர் விளையாட்டுக்கு வீடு செய்வது எளிது, சுவர் செய்வது எளிது, குன்றுகூடப் பெரிய வேலையில்லை. காடு வந்ததும்தான் சிக்கல் தொடங்குகிறது. வீட்டுக்கு எல்லை அதன் சுவர்; குன்றுக்கு எல்லை அதன் அடிவாரம். காட்டுக்கு எல்லை எது? மேசையில் நாலு மரங்களை அருகருகே நிறுத்திவிட்டால் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. "என் வீரன் காட்டுக்குள் இருக்கிறான்", "இல்லை, வெளியேதான் நிற்கிறான்" என்று ஆட்டத்தின் நடுவே வாக்குவாதம் வருவது இதனால்தான்.

இந்த விளையாட்டு புதிதாக இருப்பவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். இரண்டு பேர் ஒரு மேசையின் இரு பக்கமும் நின்று, சிறு பொம்மை வீரர்களை அங்குலக் கணக்கில் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டையிடும் விளையாட்டு இது. பெரிய ஆட்டங்களுக்கு 6 அடிக்கு 4 அடி மேசை வழக்கம். சிறு குழுக்கள் மோதும் ஆட்டத்துக்கு 3 அடிக்கு 3 அடி போதும். அதிகம் புழங்கும் பொம்மை அளவு 28 மிமீ. தோராயமாக 1:56 என்ற விகிதம். மேசைமேல் வைக்கும் வீடு, பாறை, ஆறு, காடு எல்லாவற்றையும் சேர்த்து டெரெய்ன் என்கிறார்கள். அது வெறும் அலங்காரம் அல்ல. காட்டுக்குள் நுழைபவன் மெதுவாகத்தான் நடக்க முடியும், அவனைக் குறிபார்த்துச் சுடுவது கடினம், காட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவன் கண்ணுக்கே தெரியமாட்டான். பெரும்பாலான விதிப்புத்தகங்கள் காட்டுக்குத் தரும் வேலை இந்த மூன்றும்தான்.

சரி, இந்த மூன்று வேலையையும் ஒரு பொருள் செய்ய வேண்டுமென்றால் அது எப்படி இருக்க வேண்டும்? ஒரு நகர்வை மட்டும் பக்கத்தில் இருந்து பார்ப்போம்.

பத்துப் பேர் கொண்ட குழு ஒன்று காட்டுக்குள் நுழைகிறது. ஒவ்வொரு வீரனும் 32 மிமீ அகலமுள்ள வட்டமான பேஸ்மேல், அதாவது பொம்மையின் அடித்தட்டின்மேல் நிற்கிறான். மரங்களைத் தரையோடு ஒட்டிச் செய்த காடு அது. முதல் இரண்டு பேர் உள்ளே போய்விடுகிறார்கள். மூன்றாமவனின் ஈட்டி தாழ்ந்த கிளையில் மாட்டுகிறது. அவனை விடுவிக்கக் கையை உள்ளே விட்டால் புறங்கை பட்டு மரம் சாய்கிறது. நான்காமவன் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு வேர். பேஸ் ஒரு பக்கம் தூக்கிக்கொள்கிறது. கடைசியில் "இவன் இங்கே நிற்பதாக வைத்துக்கொள்" என்று சொல்லிப் பொம்மையை வெளியே வைக்கிறார்கள். அடுத்த சுற்றில் அவன் எங்கே நின்றான் என்பது இருவருக்குமே மறந்துவிடும்.

இப்போது அதே நகர்வை வேறு மாதிரி காட்டில் செய்து பாருங்கள். தரை ஒரு தனித்தட்டு. மரங்கள் அதில் செருகி எடுக்கும்படி இருக்கின்றன. குழு உள்ளே வரும்போது வழியில் இருக்கும் மரத்தைத் தூக்கிப் பக்கத்தில் வைக்கிறீர்கள். பத்துப் பேரும் தட்டின்மேல் நேராக நிற்கிறார்கள். மரம் போய்விட்டதே, காடு போய்விட்டதா? இல்லை. தட்டின் விளிம்பு அங்கேயே இருக்கிறது. யாருடைய பேஸ் விளிம்புக்கு உள்ளே இருக்கிறதோ அவன் காட்டுக்குள் இருக்கிறான். அவ்வளவுதான்.

தொடங்குபவர் மனதில் பதிய வேண்டிய விஷயம் இதுதான்: மேசையில் தரைத்தட்டின் விளிம்புதான் காடு. மரம் அந்தக் காட்டுக்கு அடையாளம். இதைப் பிடித்துக்கொண்டால் என்ன அளவில் வெட்டுவது, எங்கே காலியாக விடுவது, எதை ஒட்டுவது, எதை ஒட்டக்கூடாது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தானாக வரும். மாடுலர் காடு என்று சொல்வதும் இதைத்தான். தரைத்தட்டுகளை விதவிதமாகச் சேர்த்து வைக்கலாம், மரங்களைத் தட்டிலிருந்து பிரிக்கலாம், இரண்டையும் தனித்தனியாகப் பெட்டியில் அடுக்கலாம்.

தரையைத் துண்டுகளாக்கி மாற்றி மாற்றி அடுக்கும் யோசனை இந்த விளையாட்டின் பிறப்பிலேயே இருந்தது. கியோர்க் லியோபோல்ட் ஃபான் ரைஸ்விட்ஸ் என்பவர் 1812-ல் பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்முக்கு ஒரு போர்ப் பயிற்சி மேசையைச் செய்து கொடுத்தார். அதன் நிலப்பரப்பு மேடு பள்ளம் உள்ள பீங்கான் ஓடுகளால் ஆனது; ஓடுகளை வேறு வரிசையில் அடுக்கினால் வேறு போர்க்களம். 1824-ல் ரைஸ்விட்ஸின் மகன் ஓடுகளை விட்டுவிட்டு 1:8000 அளவிலான வரைபடங்களுக்குப் போய்விட்டார். ராணுவப் பயிற்சிக்கு அது வசதி. ஆனால் நம்மைப்போல் கையால் தொட்டு விளையாட விரும்புகிறவர்களுக்கு அப்பாவின் வழிதான் பிடிக்கும்.

மரத்தின் உயரத்தில் தொடங்குவோம், ஏனென்றால் பலர் முதலில் தடுமாறுவது அங்கேதான். 20 மீட்டர் உயரமுள்ள சாதாரணக் காட்டு மரத்தை 1:56 விகிதத்தில் செய்தால் ஏறத்தாழ 36 செமீ வரும். அப்படி ஆறு மரம் வைத்தால் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் முகமே தெரியாது, கையும் உள்ளே போகாது. அதனால் எல்லோரும் மரத்தைக் குட்டையாக்கித்தான் செய்கிறார்கள். 28 மிமீ பொம்மைகளுக்கு 12 முதல் 16 செமீ உயரம் நன்றாகப் பொருந்துகிறது. உயரத்தைவிட முக்கியமானது, தழை எங்கே தொடங்குகிறது என்பது. அடிமரம் தரையிலிருந்து குறைந்தது 5 செமீ வரை வெறுமையாக இருக்கட்டும். வீரன் தழைக்குக் கீழே நிற்கலாம், மேசையின் பக்கவாட்டிலிருந்து குனிந்து பார்த்தால் அவன் கண்ணுக்குத் தெரிவான், ஈட்டியும் மாட்டாது.

அடுத்து தட்டின் வடிவம். வட்டமும் சதுரமும் வேண்டாம். வளைந்து நெளிந்த விளிம்புதான் காடு மாதிரி தெரியும். ஒரு துண்டு ஏறத்தாழ 20 செமீ நீளம், 15 செமீ அகலம் என்றால் கையாள வசதி. ஒரு குழு முழுதாக உள்ளே நிற்கும், மூன்று நான்கு மரமும் அடங்கும். ஒரே பெரிய தட்டாக 60 செமீக்குச் செய்துவிட்டால் ஒவ்வொரு ஆட்டத்திலும் அதே காடுதான் வரும். சின்னத் துண்டுகள் என்றால் இன்று தனித்தனித் தோப்புகளாக வைக்கலாம், நாளை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெருங்காடாக்கலாம்.

ஆனால் நெளிந்த விளிம்புகள் ஒன்றோடொன்று சேராதே? இதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது. எனக்கு இந்த வேலையிலேயே ரொம்பப் பிடித்த பகுதியும் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். 16 செமீ நீளத்தில் ஓர் அட்டைத்துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் ஒரு கோடு போட்டு அதன் நடுப்புள்ளியைக் குறியுங்கள். நடுப்புள்ளியிலிருந்து வலது முனை வரை உங்கள் விருப்பப்படி நெளிவாக ஒரு கோடு வரையுங்கள். அது கடைசியில் நேர்கோட்டின் முனையிலேயே வந்து முடியட்டும். அதன்மேல் மெல்லிய தாளை வைத்து அந்தப் பாதிக் கோட்டைப் படியெடுங்கள். இப்போது நடுப்புள்ளியில் ஒரு குண்டூசியைக் குத்தி, தாளை அரைவட்டம் சுற்றுங்கள். படியெடுத்த கோடு இடது பாதிக்கு வந்துவிடும். அதையும் அட்டையில் வரைந்து, முழு நெளிவையும் வெட்டியெடுத்தால் உங்கள் வார்ப்பு (டெம்ப்ளேட்) தயார்.

இந்த வார்ப்பை வைத்து எந்தத் தட்டின் ஒரு பக்கத்தை வெட்டினாலும், அந்தப் பக்கம் இதே வார்ப்பில் வெட்டிய வேறு எந்தத் தட்டோடும் இடைவெளியில்லாமல் பொருந்தும். ஒரு தட்டைத் திருப்பி எதிரே வைத்தால், அதன் மேடு மற்றதன் பள்ளத்தில் உட்காரும். ஆண் துண்டு, பெண் துண்டு என்று இரண்டு வகை செய்ய வேண்டியதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: வார்ப்பின் மேல்பக்கத்தில் ஓர் அடையாளம் போட்டுவைத்து, எப்போதும் அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்தே வெட்டுங்கள். வார்ப்பைக் கவிழ்த்து வெட்டிய தட்டு மற்றவற்றோடு சேராது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ இந்த வார்ப்பு, மீதிப் பக்கங்கள் மனம்போன நெளிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாக வைத்தாலும் செயற்கையாகத் தெரியாது.

தட்டை எதில் வெட்டுவது? தொடங்குபவர்கள் கையில் எடுப்பது பெரும்பாலும் அட்டை. அட்டை வளைந்துவிடும். அது ஏன் வளைகிறது என்று புரிந்துகொண்டால் பின்னால் பல தொல்லைகள் தீரும். தரையில் மணல் ஒட்ட நாம் பூசுவது பிவிஏ பசை, அதாவது தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை. ஈரம் பட்டதும் அட்டையின் மேல்பக்கம் கொஞ்சம் உப்புகிறது. பிறகு பசை காயும்போது தண்ணீர் வெளியேறி பசைப்படலம் சுருங்குகிறது. சுருங்கும்போது தான் ஒட்டியிருக்கும் பரப்பையும் சேர்த்து இழுக்கிறது. மேல்பக்கம் இழுபட, கீழ்ப்பக்கம் அப்படியே இருக்க, ஓரங்கள் மேல்நோக்கி எழும்புகின்றன. தட்டு கிண்ணம்போல ஆகிவிடும்.

இதற்கு இரண்டு தீர்வு. ஒன்று, ஈரத்தை உறிஞ்சாத பொருளில் வெட்டுவது. பிவிசி ஃபோம் ஷீட் இதற்கு மிக நல்லது. பேப்பர் கட்டரால் இரண்டு மூன்று முறை கீறினால் வெட்டுப்பட்டுவிடும், தண்ணீரைக் கண்டு அசையாது. பழைய சிடியும் வளையாது. 12 செமீ விட்டமுள்ள அந்தப் பாலிகார்பனேட் வட்டு வட்டமாகத்தான் இருக்கும் என்றாலும் முதல் முயற்சிக்கு ஏற்ற தட்டு. பளபளப்பை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, நடு ஓட்டையை அட்டையால் மூடிவிட்டால் போதும். இன்னொரு தீர்வு, இரண்டு பக்கமும் சமமாக இழுபட வைப்பது. எம்டிஎஃப் (மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்த பலகை) என்றால் 3 மிமீ கனத்தில் எடுத்து, மேலே பசை பூசும்போது கீழேயும் ஒரு பூச்சு கொடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு சுருங்கினால் பலகை நேராக நிற்கும். எம்டிஎஃப் அறுக்கும்போது முகமூடி கட்டாயம். அந்தத் தூள் மிக மெல்லியது, அதில் பிசின் கலந்திருக்கிறது, நுரையீரலுக்குள் போகக்கூடாத பொருள்.

தெர்மோகோல் மணிமணியாக உதிரும், ஓரம் சீக்கிரம் உடையும். குன்றுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். காட்டுத்தட்டுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

விளிம்பைச் சாய்வாகச் சீவுவது கட்டாயம். வெளிப்பக்க விளிம்புகளைக் கத்தியாலோ உப்புத்தாளாலோ நன்றாகச் சரித்துவிடுங்கள். தட்டு மேசையிலிருந்து துருத்திக்கொண்டு நிற்காமல் தரையோடு கலந்துவிடும், பொம்மையின் பேஸும் விளிம்பில் தடுக்காது. வார்ப்பில் வெட்டிய பக்கத்தை மட்டும் லேசாக முனை மழுக்கினால் போதும். அங்கேயும் ஆழமாகச் சீவினால் இரண்டு தட்டு சேருமிடத்தில் ஒரு வாய்க்கால் மாதிரி தெரியும்.

மரத்தைச் செருகி எடுக்கும் ஏற்பாட்டுக்கு வருவோம். காந்தம் பற்றி எல்லோரும் பேசுவார்கள். மரத்தின் அடியில் ஒரு காந்தம், தட்டில் ஒரு காந்தம் என்று வைத்தால் துருவம் மாறிப்போய் மரம் தள்ளப்பட்டு விழும். இருபது மரத்துக்கும் துருவம் பார்த்து ஒட்டுவது அலுப்பான வேலை. அதைவிட எளிய வழி, மரத்துக்கு இரும்பு வாஷர் (நடுவில் ஓட்டையுள்ள வட்டத் தகடு), தட்டுக்கு மட்டும் காந்தம். இரும்புக்குத் துருவச் சிக்கல் கிடையாது. எந்த மரமும் எந்தக் குழியிலும் நிற்கும்.

தட்டை இரண்டு அடுக்காகச் செய்யுங்கள். அடியடுக்கு 2 மிமீ, மேலடுக்கு 3 மிமீ. மேலடுக்கில் மரம் வரவேண்டிய இடங்களில் 32 மிமீ விட்டத்தில் வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, அதை அடியடுக்கின்மேல் ஒட்டுங்கள். இப்போது 3 மிமீ ஆழமுள்ள குழிகள் கிடைத்துவிட்டன. ஒவ்வொரு குழியிலும் நடுவிலிருந்து சற்றுத் தள்ளி, வாஷரின் ஓட்டைக்குக் கீழே வராமல் அதன் இரும்புப் பகுதிக்குக் கீழே வரும்படி, அடியடுக்கில் 5 மிமீ விட்டம், 2 மிமீ கனம் உள்ள சிறு நியோடிமியம் காந்தத்தைப் பதியுங்கள். மரத்தின் அடிக்கு 30 மிமீ அகலமான இரும்பு வாஷர். மரத்தின் தண்டு வாஷரின் ஓட்டைக்குள் இறங்கும், வேர்கள் அதன்மேல் படரும். வேர் வாஷரின் ஓரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தாண்டினால் குழிக்குள் இறங்காது. வாஷர்மேல் மணலும் ஒட்டினால் கனம் ஏறத்தாழ 3 மிமீ ஆகி, மரம் தட்டோடு சமமட்டமாக உட்காரும். வாஷரின் எடை இன்னொரு நன்மையும் செய்கிறது. மரத்தைத் தூக்கி வெறும் மேசையில் வைத்தாலும் அது சாயாது.

மரம் எடுத்த இடத்தில் குழி வெறிச்சென்று தெரியுமே என்றால், குழியின் அடிக்கும் தரையின் நிறத்தையே பூசிவிடுங்கள். பளிச்சென்று தெரியாது. இன்னும் சிரத்தை எடுப்பவர்கள் மரமில்லாத வெறும் வாஷர்களில் காய்ந்த இலையும் மணலும் ஒட்டி மூடியாக வைத்துக்கொள்வார்கள். மரத்தை எடுத்ததும் மூடியைப் போட்டால் பொம்மை நேராக நிற்கும்.

குழிகளுக்கு இடையே எவ்வளவு தூரம் விடுவது? பேஸ் 32 மிமீ, ஆனால் இடைவெளியைத் தீர்மானிப்பது பேஸ் அல்ல, விரல்கள். பொம்மையைப் பிடித்த இரண்டு விரலும் மரத்தில் படாமல் இறங்க வேண்டும். 7, 8 செமீ இருந்தால் நிம்மதி. மரங்களை ஒரே இடைவெளியில் வரிசையாக நடாதீர்கள், தோட்டமாகிவிடும். இரண்டு மரம் ஓரமாகச் சற்று நெருங்கி, மூன்றாவது தள்ளி என்று வைத்தால் காட்டின் தோற்றம் வந்துவிடுகிறது.

இனி மரம். கடையில் வாங்கிய மரமானாலும் சரி, காய்ந்த குச்சியானாலும் சரி, வாஷரில் ஒட்டினால் இந்த முறைக்குப் பொருந்தும். செடிகளின் வேர்ப்பகுதியைத் தலைகீழாகப் பிடித்தால் அச்சு அசலாகக் கிளைத்த மரம் மாதிரி இருக்கும். நன்றாகக் காயவைத்து, பூச்சி இல்லையென்று உறுதிசெய்துகொண்டு பயன்படுத்தலாம். ஆனால் ஒருமுறையாவது கம்பியில் மரம் செய்து பாருங்கள். கிளை எப்படிப் பிரிகிறது என்று கைக்குப் புரிவது அப்போதுதான்.

மெல்லிய கட்டுக்கம்பி 16 இழை, ஒவ்வொன்றும் 20 செமீ நீளம். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்து, அடியில் 2 செமீயை வேருக்கென்று விட்டுவிட்டு, அதற்கு மேலே 5 செமீ தூரத்துக்கு இறுக்கி முறுக்குங்கள். இது அடிமரம். இப்போது 16 இழையையும் 6, 5, 5 என மூன்று கொத்தாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கொத்தையும் 2 செமீ முறுக்கி, மறுபடி இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்து முறுக்கி, கடைசியில் ஒற்றை இழைகள் சுள்ளிகளாக நிற்கும். ஒவ்வொரு பிரிவிலும் இழை குறைவதால் அடி தடித்து நுனி மெலிவது தானாக நடக்கிறது. உண்மை மரத்திலும் அப்படித்தான். ஒரு கிளை இரண்டாகப் பிரிந்தால் இரண்டுமே தாய்க்கிளையைவிட மெல்லியதாக இருக்கும். கொத்துகளை ஒரே உயரத்தில் பிரிக்காதீர்கள். ஒன்றை 5 செமீயில் பிரித்தால் அடுத்ததை 6-ல் பிரியுங்கள். கிளைகளை நாலா பக்கமும் வளையுங்கள். இரண்டு பக்கம் மட்டும் விரித்தால் தட்டையான மரமாகிவிடும்.

பட்டைக்கு, பிவிஏ பசையோடு சுவருக்குப் பூசும் புட்டியைக் குழைத்துத் தூரிகையால் இரண்டு மூன்று பூச்சு கொடுங்கள். முறுக்கின் புரி மறையும் வரை பூச வேண்டும், இல்லாவிட்டால் எட்ட நின்றாலும் கம்பி என்று தெரிந்துவிடும். கடைசிப் பூச்சு பாதி காய்ந்திருக்கும்போது ஊசியால் மேலிருந்து கீழாகக் கீறிவிட்டால் பட்டையின் வெடிப்பு வந்துவிடும். நிறம் தீட்டும்போது சாக்லேட் பழுப்பை நாடாதீர்கள். வெளியே போய் மரங்களைப் பாருங்கள். பெரும்பாலான மரங்களின் பட்டை சாம்பல் கலந்த பழுப்பு, சில வெறும் சாம்பல். முதலில் கருஞ்சாம்பல் பழுப்பு முழுக்கப் பூசி, காய்ந்தபின் டிரை பிரஷ் செய்யுங்கள். தூரிகையில் வெளிர்சாம்பல் தொட்டு, துணியில் ஏறக்குறைய எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மேடுகளின்மேல் லேசாக உரசுவதுதான் டிரை பிரஷ். கீறிய கோடுகள் எழுந்து வரும்.

தழைக்குப் பலர் வாங்குவது சாயமேற்றிய பொடி ஃபோம். அதை நீங்களே செய்யலாம். மெத்தைக்குள் வைக்கும் பாலியூரித்தேன் ஃபோமைக் கிள்ளிச் சிறு துண்டுகளாக்கி, தண்ணீரில் கரைத்த அக்ரிலிக் பெயின்டில் ஊறவைத்துப் பிழிந்து காயவையுங்கள். பிறகு மிக்சியில் அரைத்துச் சல்லடையில் சலித்தால் பெரிய துணுக்கு, சிறிய துணுக்கு, தூள் என்று மூன்று தரம் கிடைக்கும். அந்த மிக்சி ஜார் அதன்பின் சமையலுக்கு ஆகாது, இதற்கென்றே ஒதுக்கிவிட வேண்டும். கரும்பச்சை, நடுப்பச்சை, மஞ்சள் கலந்த பச்சை என்று மூன்று நிறத்தில் செய்துகொள்ளுங்கள். கிளைநுனிகளில் தென்னை நாரையோ பஞ்சு இழையையோ மெல்லியதாக இழுத்துப் பரப்பி ஒட்டி, அதன்மேல் பசை தெளித்து, அடிப்பக்கம் கரும்பச்சை, உச்சியில் மஞ்சள் பச்சை எனத் தூவினால் வெயில் மேலிருந்து விழுவதுபோல் தெரியும். ஒரே பச்சையில் முக்கி எடுத்த மரம் எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் பொம்மை மரமாகத்தான் இருக்கும்.

தழையை நெருக்கமாக அப்பாதீர்கள். இடையிடையே வானம் தெரியட்டும். கடைசியாக, தண்ணீர் கலந்த பசையை ஸ்ப்ரே பாட்டிலில் நிரப்பி, அதில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு முழு மரத்துக்கும் தெளியுங்கள். சோப்பு தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் பசை முத்துமுத்தாக நிற்காமல் ஃபோமுக்குள் இறங்கும். இது இல்லாவிட்டால் ஒவ்வொரு ஆட்டத்திலும் மேசையெல்லாம் இலை உதிரும்.

காட்டுத்தரையில் புல் குறைவு, சருகு அதிகம். வெயில் படாத இடத்தில் அடர்ந்த புல் வளராது என்பதால் நடுவில் சருகும் மண்ணும், விளிம்பை நெருங்க நெருங்கப் புல்லும் என்று வைத்தால் கண்ணுக்குச் சரியாகப்படும். அதோடு, விளிம்பில் இருக்கும் புல் உங்கள் மேசை விரிப்பின் நிறத்தோடு ஒத்துப்போகட்டும், தட்டு தரைக்குள் கரைந்துவிடும். முதலில் பசை பூசி, பொடிமணலும் பரல்மணலும் கலந்து தூவிக் காயவையுங்கள். கரும்பழுப்பு பூசி, வெளிர்ப்பழுப்பில் டிரை பிரஷ். அதன்மேல்தான் சருகு, புல். உண்மையான காய்ந்த இலையை நொறுக்கிச் சலித்தால் சருகுக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. முறுமுறுவென்று காய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும். குளிர்நாடுகளில் பிர்ச் மரத்தின் காய்ந்த பூங்கதிரை உதிர்ப்பார்கள். அதன் செதில்கள் ஒவ்வொன்றும் குட்டி இலையின் வடிவிலேயே இருக்கும்.

விழுந்த மரம், பாறை, அடிக்கட்டை எல்லாம் காட்டுக்கு உயிர் கொடுப்பவை. அவற்றைத் தட்டோடு ஒட்டலாம், ஆனால் ஒன்றாகக் கூட்டி ஒரு மூலையில். பரவலாக ஒட்டினால் பேஸ் வைக்கச் சமதரை இருக்காது. ஒட்டுவதற்கு முன்பே உங்களிடம் உள்ள பொம்மைகளில் ஐந்தாறைத் தட்டின்மேல் நிறுத்திப் பாருங்கள். நிற்க இடம் போதவில்லை என்றால் ஒரு பாறையைக் குறையுங்கள்.

ஸ்ப்ரே பெயின்ட் பற்றி ஒரு வார்த்தை. குன்றுக்கோ பாறைக்கோ தெர்மோகோலோ நீலநிற எக்ஸ்பிஎஸ் ஃபோமோ சேர்த்திருந்தால் அதன்மேல் நேரடியாக ஸ்ப்ரே அடிக்காதீர்கள். இரண்டுமே பாலிஸ்டைரீன்; ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் அதைத் தின்றுவிடும். கண் முன்னாலேயே உருகி ஓட்டையாகும். முதலில் பிவிஏ பசையும் அக்ரிலிக் பெயின்டும் கலந்து ஒரு பூச்சு கொடுத்து, நன்றாக மூடிக் காயவைத்த பிறகு அடிக்கலாம்.

முதல் தொகுதிக்கு மூன்று தட்டு, எட்டு மரம் போதும் என்பது என் கருத்து. குழிகள் ஒன்பதோ பத்தோ இருக்கட்டும்; சில குழி காலியாக இருந்தால்தான் மரத்தை இடம் மாற்றிக் காட்டின் முகத்தை மாற்ற முடியும். 3 அடி மேசையில் இந்த மூன்றையும் பிரித்து வைத்தால் மூன்று தோப்பு. சேர்த்து வைத்தால் எதிரியின் பார்வையை முழுக்க மறைக்கும் ஒரு பெரிய காடு. இரண்டு தட்டு சேருமிடத்தில் மெல்லிய கோடு தெரிந்தால், ஒட்டாத புதர் இரண்டை அதன்மேல் வைத்துவிடுங்கள். அடுத்து நான்காவது, ஐந்தாவது தட்டு செய்யும்போதும் அதே வார்ப்பு, அதே வாஷர், அதே காந்தம். அதனால் அந்த அட்டை வார்ப்பைத் தூக்கிப் போடாமல், தரைக்குக் கலந்த நிறங்களின் பெயரையும் அதிலேயே எழுதிப் பத்திரமாக வையுங்கள்.

ஆட்டம் தொடங்கும் முன் எதிராளியோடு ஒரு நிமிடம் பேசி மூன்று விஷயத்தை முடிவுசெய்துகொள்ளுங்கள். பேஸ் முழுதும் உள்ளே இருந்தால்தான் காடா, பாதி இருந்தாலும் காடா? காட்டுக்குள் எத்தனை அங்குலம் வரை கண் தெரியும்? சேர்த்து வைத்த தட்டுகள் ஒரே காடா, தனித்தனிக் காடா? விதிப்புத்தகத்தில் இருந்தால் அதன்படி. இல்லாவிட்டால் உங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். விளிம்பு தெளிவாக இருப்பதால் இதற்கு மேல் பேச ஒன்றும் மிஞ்சாது.

எடுத்து வைப்பதும் இந்த முறையில் சுலபம். தட்டுகளை இடையில் ஒரு துணி வைத்து அடுக்குங்கள். மரங்களுக்கு, ஆழமான பெட்டியின் அடியில் மெல்லிய இரும்புத் தகடு ஒட்டி, ஒவ்வொரு வாஷரின் அடியிலும் அதே சிறு காந்தம் ஒன்றை வைத்தால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஒரு மரமும் சாயாது. அங்கே போய்ச் சேர்ந்ததும் அந்தக் காந்தங்களைக் கழற்றித் தகட்டிலேயே விட்டுவிட்டு, மரங்களை மட்டும் தட்டில் செருகிக்கொள்ளலாம்.